பூஜை போடாம மிஷின் ஓடாது

மண்ணூரில் கோதண்டத்தின் வீட்டுக் கூடத்து ஜன்னலைத் தாண்டி, தினமும் காலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் கூடை மேலே போகும். உள்ளே சூடான இட்லி, கிண்ணத்தில் சட்னி, மூடி போட்ட டம்ளரில் காபி. கயிற்றின் மேல்முனை மாடியில் குடியிருக்கும் பாண்டிச்செல்வியின் கையில். கீழே நின்று கூடையை நிரப்புகிறவள் கோதண்டத்தின் மனைவி கங்கம்மாள். நடுவில் ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் தட்டில் இருக்கும் புளித்த தோசையையும் மேலே போகும் இட்லியையும் மாறி மாறிப் பார்க்கிறவர் கோதண்டம்.

"அது இன்னா, மேல போறதுக்கு மட்டும் ஆவி பறக்குது?" என்று அன்றைக்கும் கேட்டார்.

"ஒனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான கீது? போயி நீயே சுட்டுத் துன்னு" என்றாள் கங்கம்மாள்.

கல்யாணமான நாள் முதல் "வாங்க, போங்க" என்று பேசிக்கொண்டிருந்தவள்தான் கங்கம்மாள். அவர் ஒரு வழக்கில் சாட்சி சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து "நீங்க" போய் "நீ" வந்துவிட்டது. கோதண்டத்துக்குத் தோசை புளித்ததை விட இது அதிகமாகப் புளித்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்கவும் முடியாது. கேட்டால் பதில் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

கோதண்டம் வல்லம் வடகாலில் கார் கதவுக்கு வேண்டிய இரும்புப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் லைன் சூப்பர்வைசர். பாண்டிச்செல்வி அதே லைனில் ஆபரேட்டராக இருந்தவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவள், தோழிகளோடு அவர் வீட்டு மாடியிலேயே வாடகைக்கு இருந்தாள். கம்பெனியிலும் அவர் சொல் கேட்க வேண்டும், வீட்டில் தண்ணீர் மோட்டார் போடுவதற்கும் அவரைக் கேட்க வேண்டும். ஆனாலும் அவள் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று பிரியமாகத்தான் இருந்தாள். இப்போது, போகவரப் பின்பக்கத்து வெளிப்படி இருக்க, அவர் இருக்கும் கூடத்தை மிதிப்பதில்லை என்று தீர்மானம். அதற்காகக் கங்கம்மாளின் கைப்பக்குவத்தை விட்டுவிட முடியுமா? இருவருமாகக் கலந்து பேசிக் கயிறு கட்டிக்கொண்டார்கள்.

வேறு ரூம் பார்த்துப் போகிறேன் என்று அவள் பெட்டியைக் கட்டிய நாளும் உண்டு. கங்கம்மாள் மாடிப்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போனா நானும் ஒன்கூடவே வந்துருவேன். அப்பால இந்த மனுசனுக்கு யாரு சோறு போடுவா? அந்தப் பாவத்துக்காவது இங்கயே இரு."

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்துவிட்டாள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு எலுமிச்சம்பழம்.

கோதண்டத்தின் லைன் ஆயுத பூஜை என்றால் கம்பெனி முழுக்கப் பேச்சு. மற்ற லைன்களில் சாமி படத்துக்கு ஒரு மாலை, கையில் ஒரு பொட்டலம் பொரி, அவ்வளவுதான். கோதண்டத்தின் லைனில் அந்தந்த ஆபரேட்டர் அந்தந்த மிஷினை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும், சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்ட வேண்டும். கடைசியில் பிரஸ்ஸின் அச்சின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து, மிஷினை ஒரே ஒரு அடி அடிக்க வேண்டும். பழம் பட்டென்று வெடித்துச் சாறு தெறித்தால் அந்த வருஷம் லைனுக்குக் கெடுதல் இல்லை.

மூன்று ஆயுத பூஜைகளுக்கு முன்னால், பூஜைக்கு முந்தின சாயங்காலம் அவர் லைனையே நிற்க வைத்துச் சொன்னார்: "நாளைக்கு கம்பெனி லீவு. ஆனா நம்ம லைனு ஆளுங்க காலையில வந்துரணும். அவங்கவங்க மிஷின அவங்கவங்கதான் தொடைக்கணும். வராதவங்க அடுத்த நாளு லைன்ல வந்து நிக்க வேணாம், சொல்லிட்டேன்."

எல்லோரும் வந்தார்கள். பாண்டிச்செல்வி புதுத் தாவணியில் வந்தாள். துடைப்பதற்காக மிஷினின் பாதுகாப்புக் கம்பிக் கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் அவள் மிஷின் அச்சின் மேல் பழத்தை வைத்தாள். மிஷினின் கால் பெடலின் மேல் கோதண்டம் பாதத்தை வைத்தார். இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை இறுக்க மூடிக் குலசாமி பேரைச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பழம் உருண்டது. கீழே விழுந்தால் நல்லதில்லையே என்று அவள் கையை நீட்டித் தடுத்தாள். அவர் பெடலை மிதித்தார்.

பக்தியில் கோதண்டத்துக்கு ஒரு குறையும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு மிஷினை மிதித்ததுதான் குறை. பாண்டிச்செல்வியின் இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அவரே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார், ரத்தம் கொடுத்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதெல்லாம் பொய்யில்லை. கொஞ்ச நாள் கழித்து எச்.ஆர். மேனேஜர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்தார். கம்பெனியில் சூப்பர்வைசருக்குக் காபி வரவழைக்கிறார்கள் என்றாலே ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டாமா? கோதண்டம் குடித்துவிட்டார்.

"சார், அன்னைக்கு லீவு. யாரும் அட்டெண்டன்ஸ் கார்டு தேய்க்கல. யாரும் யாரையும் வரச் சொல்லல. அவங்களா சாமி கும்பிட வந்தாங்க. கேட்டா இவ்வளவுதான் நீங்க சொல்லணும்" என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேலையில நடந்ததுன்னு ஆயிடுச்சுன்னு வைங்க, பெடலை மிதிச்சது யாருன்னுதான் அடுத்த கேள்வி வரும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கோதண்டம் வீடு வரை சுமந்துகொண்டு வந்தார். வேலை போய்விடும், போலீஸ் வரும், ஜெயில் வரும் என்று அவரே மேலும் மேலும் சேர்த்துக்கொண்டார்.

பாண்டிச்செல்வி அந்த வருஷம்தான் சம்பளம் கூடி, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பைத் தாண்டியிருந்தாள், அதில் பணம் கிடைக்காது. அதனால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழிலாளர் ஆணையரிடம் வழக்குப் போட்டாள். அவளுக்காக வந்தவள் எழிலரசி என்ற இளம் வக்கீல். கம்பெனி பக்கத்துச் சாட்சி கோதண்டம். மேனேஜர் சொல்லிக் கொடுத்ததைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அப்படியே ஒப்பித்தார்: லீவு நாள், யாரும் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள்.

எழிலரசி எழுந்தாள். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. "சார், உங்க லைன் பூஜை ரொம்ப பிரமாதமா இருக்குமாமே?" என்று சும்மா விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

கோதண்டத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாம்மா. வேற எந்த லைன்லயும் அப்டி இருக்காது."

"ஒரு வருஷம் பூஜை போடலைன்னா என்ன ஆகும்?"

"போடலைன்னாவா? பூஜை போடாம என் லைன்ல ஒரு மிஷினும் ஓடாதும்மா. நான் ஓட வுட மாட்டேன். மேனேஜரே வந்து சொன்னாலும் ஓட வுட மாட்டேன்!"

"யார் யாரு எந்த மிஷினைத் துடைக்கணும்னு யார் சார் சொல்றது?"

"நான்தான். அவங்க இஷ்டத்துக்கு வுட்டா சந்தனத்த மோட்டார்ல அப்பிடுவாங்க."

எச்.ஆர். மேனேஜர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவருக்குத் தலைவலி போல என்று கோதண்டம் நினைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து, "வக்கீலம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டு பட்டுன்னு சொல்லி வாய அடச்சிட்டேன்" என்று பெருமையாக வேறு சொன்னார். கங்கம்மாள் அன்றைக்குத்தான் முதன்முதலாக "நீ" என்றாள்.

ஆணையரிடம் வழக்கு தள்ளுபடியானது. லீவு நாள், வருகைப் பதிவு இல்லை, பூஜை என்பது அவரவர் பக்தி, ஆகவே இழப்பீடு இல்லை என்று முடித்துவிட்டார்கள். பாண்டிச்செல்வியைக் கம்பெனியும் திரும்ப எடுக்கவில்லை. ஒரகடத்தில் ஒரு மெஸ்ஸில் பில் போடும் வேலைக்குப் போனாள். தெருவில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கம்பெனியை எதிர்த்து ஜெயிக்க முடியுமா, ஊரைப் பார்க்கப் போய்ச் சேர் என்றார்கள் சிலர். சாமி குத்தம், இதற்குப் போய்க் கோர்ட்டா என்றார்கள் சிலர்.

"சாமி குத்தம்னா அத நான் சாமிகிட்ட பேசிக்கிடுதேன். கம்பெனி குத்தத்த கோர்ட்டுலதான கேக்க முடியும்?" என்றாள் பாண்டிச்செல்வி. எழிலரசி ஐகோர்ட்டில் மேல்முறையீடு செய்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எலெக்ட்ரிக் ஆட்டோ. ஷிப்ட் விட்டு ஒரகடம் கூட்ரோட்டில் பெண்பிள்ளைகள் ஷேர் ஆட்டோவுக்கு நின்று நெரிபடுவதை அவள் மெஸ்ஸில் இருந்து தினமும் பார்த்தாள். எலெக்ட்ரிக் ஆட்டோவில் கிளட்ச் கிடையாது, இடது கைக்கு வேலை குறைவு. டாக்டரிடம் காட்டி லைசென்ஸும் வாங்கி வைத்துவிட்டாள். வண்டிக்கு வேண்டியது இழப்பீடு ஒன்றுதான். இதையெல்லாம் கூடை போகும்போதும் வரும்போதும் மேலே நின்று கங்கம்மாளிடம் சொல்லுவாள். ஜன்னலுக்குள் ஒரு ஜோடிக் காது இருப்பது இருவருக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலையில் கூடை மேலே போனதும், "அக்கா, வியாழக்கிழமை கேஸு வருதாம்" என்றாள். "இதுலயும் தோத்துட்டேன்னா ஊருக்குப் போயிருதேன். எத்தன நாளு நானும் ஒங்க இட்லியவே தின்னுக்கிட்டு இருக்கது?"

கோதண்டம் பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டார். இந்தப் பெண் பெட்டியோடு தெருவைத் தாண்டிப் போகும் காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்புறம் அந்த ஜன்னலில் அவர் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்?

வியாழக்கிழமை காலை கோதண்டம் கம்பெனி யூனிஃபார்ம், சேஃப்டி ஷூ, கழுத்தில் ஐ.டி. கார்டு சகிதம் கிளம்பினார். "இன்னிக்கு சேஃப்டி டிரெய்னிங். வர லேட் ஆவும்" என்றார்.

"சரி. நானும் தண்டலம் போறேன். அங்க எங்க அக்கா பொண்ணுக்கு வளைகாப்பு" என்றாள் கங்கம்மாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ.

கோதண்டம் பூந்தமல்லி வந்து, பஸ் மாறி, ஐகோர்ட் வாசலில் ஆதார் கார்டைக் காட்டி உள்ளே நுழைந்தார். எத்தனை கட்டடம், எத்தனை படி! கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு ஒரு வராந்தாவுக்கு வந்து சேர்ந்தால், அங்கே தூணோரமாக ஒரு பட்டுப்புடவை. அந்த இடத்திலேயே பட்டுப்புடவை அது ஒன்றுதான். புடவை திரும்பியது. கங்கம்மாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா, டிரெய்னிங் இங்கதான் வச்சிருக்காங்களா?" என்றாள் அவள்.

"வளைகாப்பு எந்த ரூம்ல?" என்றார் அவர்.

கங்கம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அவர் முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "நீ எதுக்கு வந்த? கம்பெனி அனுப்பிச்சுதா?"

"யாரும் அனுப்பல. மனசு கேக்கல."

அவள் கோர்ட் ஹால் கதவைக் காட்டினாள். "செல்வி உள்ள கீறா. ஒன்னப் பாத்தா அது மனசு கலங்கும். பின்னாடி போயி வாயத் தொறக்காம குந்து."

கோர்ட் ஹாலின் கடைசி வரிசையில் ஒரு குண்டு வக்கீலுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்தார் கோதண்டம். முன்வரிசையில் பாண்டிச்செல்வியின் பின்னல் தெரிந்தது. இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

வழக்கு எண் கூப்பிட்டார்கள். கம்பெனியின் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் எழுந்து நிறையப் பேசினார். விடுமுறை நாள், வருகைப் பதிவு இல்லை, உற்பத்தி நடக்கவில்லை, பூஜை என்பது நம்பிக்கை சம்பந்தப்பட்டது, வேலை சம்பந்தப்பட்டது அல்ல என்றார். ஆங்கிலத்திலும் தமிழிலுமாக அவர் சொன்னதில் "பூஜை" என்ற வார்த்தை வந்தபோதெல்லாம் கோதண்டம் காதைத் தீட்டிக்கொண்டார். தான் சொன்னதைத்தான் அவர் இன்னும் நல்ல பாஷையில் சொல்கிறார் என்று புரிந்தது.

எழிலரசி எழுந்தாள். "கம்பெனி தரப்புச் சாட்சி கோதண்டம் சொன்னதில் இரண்டே இரண்டு பதிலைப் படிக்க அனுமதி வேண்டும்" என்றாள்.

கடைசி வரிசையில் கோதண்டம் நாற்காலியில் அப்படியே கீழே சரிந்தார்.

"'பூஜை போடாம என் லைன்ல ஒரு மிஷினும் ஓடாதும்மா. நான் ஓட வுட மாட்டேன். மேனேஜரே வந்து சொன்னாலும் ஓட வுட மாட்டேன்.' யார் எந்த மிஷினைத் துடைப்பது என்று யார் சொல்வது என்ற கேள்விக்கு, 'நான்தான். அவங்க இஷ்டத்துக்கு வுட்டா சந்தனத்த மோட்டார்ல அப்பிடுவாங்க.'"

ஹாலில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு இன்சூரன்ஸ் வக்கீலைப் பார்த்துக் கேட்டார்: "நம்பிக்கைன்னு சொன்னீங்க. யாருடைய நம்பிக்கை? அந்தப் பெண்ணுடையதா, சூப்பர்வைசருடையதா?"

வக்கீல் தாளைப் புரட்டினார்.

"பூஜை முடியாம மிஷினை ஓட விடமாட்டேன்னு உங்க சாட்சியே சொல்றார். அப்போ மிஷின் ஓடறதுக்கு முன்னாடி முடிச்சாக வேண்டிய வேலைகள்ல இதுவும் ஒண்ணு. யார் எதைச் செய்யணும்னும் அவரே சொல்றார். மேலதிகாரி ஆளுக்கு ஆள் பிரிச்சுக் கொடுத்து, முடிச்சே தீரணும்னு சொன்னா, அதுக்குப் பேர் வேலைதானே?"

தீர்ப்பை நீதிபதி அங்கேயே சொன்னார். அட்டெண்டன்ஸ் கார்டு தேய்க்காததாலோ அன்று விடுமுறை என்பதாலோ வேலை வேலை இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பெண் அங்கே நின்றது முதலாளியின் மிஷினுக்காக, சூப்பர்வைசரின் சொல்லுக்காக. முதலில் வந்த தீர்ப்பு ரத்து. இழப்பீட்டை வட்டியோடு கொடுக்க வேண்டும்.

பாண்டிச்செல்வி துப்பட்டாவை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். கங்கம்மாள் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். கோதண்டம் எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கம்பெனி தோற்றதற்கு அவர் பயந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். திருவிழாவில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம். கண்ணிலிருந்து நீர் ஐ.டி. கார்டின் மேல் சொட்டியது.

வராந்தாவில் எழிலரசி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "கோதண்டம் சார்தானே? வாங்க, வாங்க! எங்களுடைய முக்கியமான சாட்சியே நீங்கதான்."

"நான் கம்பெனி சாட்சிம்மா" என்றார் கோதண்டம் பரிதாபமாக.

"கூட்டிக்கிட்டு வந்தது அவங்க. ஜெயிக்க வச்சது எங்களை. மேல்முறையீட்டுல சாதாரணமா புதுசா சாட்சி சொல்ல விட மாட்டாங்க சார், ஏற்கெனவே பதிவானதை வச்சுத்தான் பார்ப்பாங்க. அன்னைக்கு உங்க வாயில அது வராம இருந்திருந்தா எனக்குப் பேச ஒண்ணுமே இருந்திருக்காது."

கோதண்டம் சுற்றும்முற்றும் பார்த்தார். நெஞ்சில் கிடந்ததை இன்றைக்கே இறக்கி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. "அம்மா, பெடலை மிதிச்சது நான்தான். வேலையில நடந்ததுன்னு இப்ப தீர்ப்பு வந்துருச்சி. இனிமே என்னய இன்னா பண்ணுவாங்க?"

எழிலரசி ஆச்சரியமாகப் பார்த்தாள். "இதுக்கா சார் பயந்தீங்க? இந்த இழப்பீட்டுச் சட்டத்துல யார் தப்புன்னு தேடவே மாட்டாங்க. வேலையில அடிபட்டாங்களா, அது மட்டும்தான் கேள்வி. மிதிச்சது நீங்கதான்னு சொல்லியிருந்தாலும் செல்விக்கு இதே இழப்பீடுதான். அதைக் கொடுக்க வேண்டியதும் கம்பெனியும் இன்சூரன்ஸும்தான்."

கோதண்டம் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். யாருமே கேட்கப்போகாத ஒரு கேள்விக்குப் பயந்து மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறார்! பொய்யும் சொல்லி, புளித்த தோசையும் தின்று!

பாண்டிச்செல்வி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்கதான் மிதிச்சியன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? கண்ண இறுக்க மூடிக்கிட்டு கும்பிட்டுக்கிட்டு நின்னிய. வேணும்னா செஞ்சிய? அதனாலதான் நான் எந்த இடத்துலயும் ஒங்க பேர எடுக்கல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா, நான் வரச்சொல்லல, அவளா வந்தான்னு சொன்னிய பாத்தியளா, அதத்தான் என்னால தாங்க முடியல. நீங்க கூப்பிட்டதுக்குத்தான வந்தேன்?"

"நான் கூப்ட்டதுக்குத்தான் வந்தே, பாப்பா. நான் கூப்ட்டதுக்குத்தான் வந்தே" என்றார் கோதண்டம். இரண்டு கையாலும் அவளுடைய இடது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர் காபி வரவழைக்கவில்லை. கோதண்டமே போய் நின்று, "சார், அன்னிக்கு எல்லாரையும் வரச் சொன்னது நான். கண்ண மூடிகினு மிதிச்சதும் நான். நான் சொன்னது பொய் சாட்சி" என்றார்.

"அதான் முடிஞ்சு போச்சே, இப்போ எதுக்கு சார்?"

"இந்த வருச பூஜைக்கு சொல்றேன் சார். பூஜைய வேலை நாள்லயே வச்சிரணும். அல்லாரும் கார்டு தேய்க்கணும். மெயின் சுவிட்ச இறக்கிப் பூட்டு போட்டப்பறந்தான் மிஷின்ல ஒருத்தர் கை படணும். பழத்த மிஷினுக்கு உள்ள வைக்கவே கூடாது, வாசல்ல வைக்கலாம்."

மேனேஜர் முறைத்தார். கேன்டீன் சுவரில் மாட்டியிருந்த சிறந்த சூப்பர்வைசர்கள் படவரிசையிலிருந்து அந்த வாரமே கோதண்டத்தின் படம் காணாமல் போனது. ஆனால் அவர் சொன்ன ஏற்பாடுகள் அத்தனையும் கொஞ்ச நாளில் நோட்டீஸ் போர்டில் வந்துவிட்டன. நல்ல புத்தி தீர்ப்பால் வந்ததா, இன்சூரன்ஸ்காரர்கள் நெருக்கியதால் வந்ததா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். வந்ததே, அது போதும்.

ஆயுத பூஜையும் வந்தது. கம்பெனி பூஜை முந்தின நாளே, எல்லோரும் கார்டு தேய்த்து, மெயின் சுவிட்சை இறக்கி, வெளிச்சத்தில் கண்ணைத் திறந்துகொண்டு நடந்து முடிந்தது. பூஜையன்று காலையில் கோதண்டம் வழக்கம் போல ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கூடை மேலே போகவில்லை. மேலிருந்து கீழே வந்தது. வந்து, ஜன்னலுக்கு நேராக நின்றது. உள்ளே நாலு எலுமிச்சம்பழம்.

"அண்ணாச்சி!" என்று மாடியிலிருந்து குரல். "நாலாவது பழம் திருஷ்டி சுத்திப் போட. மூணு சக்கரத்துக்கும் நீங்கதான் வைக்கணும். வெளிய வாங்க!"

தெருவில் மாலை போட்ட புது எலெக்ட்ரிக் ஆட்டோ நின்றது. மாடிப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும் சுற்றி நின்றார்கள். பாண்டிச்செல்வி பின்பக்கத்து வெளிப்படியில் இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தின் நடுவாக நடந்து, வாசலுக்கு வந்தாள். அவள் பாதம் கூடத்தில் பட்டதைக் கங்கம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். கற்பூரம் காட்டியாயிற்று. "அண்ணாச்சி, பழத்த வைங்க" என்று அவள் சீட்டில் ஏறப் போனாள்.

"இரு பாப்பா, இரு" என்றார் கோதண்டம். "மொதல்ல சாவிய எடு. எடுத்து என் கைல குடு."

சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எல்லோரையும் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். குனிந்து மூன்று சக்கரத்துக்கும் பழத்தை வைத்தார். நிமிர்ந்து, இரண்டு கையையும் எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். அதன் பிறகுதான் சாவி பையிலிருந்து வந்தது. பாண்டிச்செல்வி வண்டியை நகர்த்தினாள். பட், பட், பட்டென்று மூன்றும் வெடித்தன. மூன்றாவதன் சாறு கங்கம்மாளின் பட்டுப்புடவையில் தெறித்தது. ஐகோர்ட்டுக்குப் போன அதே வளைகாப்புப் புடவை. தெருவே சிரித்தது.

"இன்னா கோதண்டம், ஒரு பழம் வைக்க இம்மாம் ஜாக்கிரதையா?" என்றார் எதிர்வீட்டு தாவீது.

கோதண்டமும் சிரித்தார். பிறகு ஆட்டோவின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "இந்தப் பொண்ணு கை போனது என் கால் தப்புனதால தாவீது. ஆனா மூணு வருசம் அது தவிச்சது நான் பாத்தத மறைச்சதால. பெருமைக்கு ஒளறுனப்ப என்னய அறியாம வாயில வந்து வுழுந்த உண்மைக்கே ஐகோர்ட்ல இம்மாம் பலம் இருந்துது. அத நான் மொத நாளே மனசறிஞ்சி சொல்லியிருந்தா இந்த வண்டி எப்பவோ ஓடியிருக்கும். வேலை செய்ற எடத்துல கூட நிக்கிறவனுக்கு அடிபட்டா, கம்பெனிக்கு பயந்தோ நமக்கு பயந்தோ வாய மூடக் கூடாது. பாத்தத பாத்தபடி சொல்லணும். லீவுன்னாலும் பூஜைன்னாலும், கூப்ட்டு வந்தா அது வேலைதான். சாமிய கண்ண மூடிகினு கும்பிடலாம். கூட வேலை செய்றவன் விசயத்துல மட்டும் கண்ண மூடிக்கவே கூடாது."

பாண்டிச்செல்வி ஆட்டோவின் ஹாரனை ஒரு தரம் அழுத்தினாள்.

"சரி, சரி, எல்லாரும் உள்ள வந்து சாப்டுங்க" என்றாள் கங்கம்மாள், புடவையில் பட்ட சாற்றைத் துடைத்துக்கொண்டே. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும்தான். வாங்க, இட்லி ஆறுது."